வர வேண்டாம் என்று சொன்ன சுற்றுலா அதிகாரி

"இப்போதைக்கு நான் யாரையும் இங்க வரச்சொல்லப் போறதில்லை" என்றார் கோமதி மேடம்.

சூரியநெல்லி மாதா கோயில் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தோம். மழை விட்டுச் சில நாளாகியிருந்தது; வெளியே பனிமூட்டம்தான். தகரக் கூரையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரம் காயாத கம்பளிச் சட்டைகளின் வாடை கூடம் முழுக்க நிறைந்திருந்தது. யாரோ ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அந்தச் சத்தமே கோபமாகக் கேட்டது.

அவர் மத்திய அரசின் சுற்றுலா அலுவலகத்தில் அதிகாரி. கொச்சியிலிருந்து வந்திருந்தார். வெளிநாட்டுப் பயணக் கம்பெனிகள் எங்கள் மலைக்கு ஆட்களை அனுப்புவதற்கு முன்னால் அந்த அலுவலகத்தைத்தான் விசாரிக்கும். ரோடு எப்படி இருக்கிறது, தங்குகிற வீடுகள் எப்படி, அனுப்பலாமா, கூடாதா? அங்கிருந்து 'அனுப்பலாம்' என்று பதில் போனால் எங்கள் வாசலில் வண்டி வந்து நிற்கும்.

அது மலை சரிந்த வருஷம். மூணாறிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற பாதையில் ஒரு வளைவில் பாதி ரோடு பள்ளத்துக்குள் போயிருந்தது. மண்ணை ஒதுக்கி, ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் அதில் போய் வந்துகொண்டுதான் இருந்தோம். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷம் முழுக்க அடுப்பெரிவது அந்தச் சில வார வருமானத்தில்தான். 'இங்கே எல்லாம் சரியாகிவிட்டது, வாருங்கள்' என்று மேடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று, அவரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டதே நாங்கள்தான்.

ஜீப் ஓட்டுநர்கள் சங்கத்தின் செயலாளர் பால்ராஜ் எழுந்தார்.

"மேடம், கலெக்டரே ரோட்டத் தொறந்துட்டாரு. நீங்க என்னத்துக்கு அடைக்கீக?"

"அவர் தொறந்தது நீங்க ஆஸ்பத்திரிக்குப் போக, அரிசி கொண்டுவர. நான் கூப்பிடறது ஊர் பாக்க வர்றவாளை. ரெண்டும் ஒண்ணில்லை, கேட்டேளா."

அந்த 'கேட்டேளா' பாலக்காட்டுக் கல்பாத்தித் தமிழ். மேடத்தின் சொந்த ஊர் அது. எங்கள் தோட்டத்துத் தமிழுக்கும் அவருடைய தமிழுக்கும் நடுவே ஒரு மலைத்தொடரே இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது ஒருவருக்கும் புரியாமல் இல்லை.

லயத்திலிருந்து ரோட்டடிக்கு

கூட்டத்தில் பிறகு என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் நாங்கள் எப்படி விருந்தினரை நம்பிப் பிழைக்கிறவர்களானோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் சேவியரின் குடும்பமும் என் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைக்கு வந்தவை. எத்தனை தலைமுறைக்கு முன் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். நானும் கல்யாணமான புதிதில் கொளுந்து எடுத்தவள்தான். காலையில் செடிக்குள் இறங்கினால் இடுப்புக்குக் கீழே பனித்தண்ணீரில் நனைந்துவிடும். பத்து மணி வெயிலில்தான் காயும்.

தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். வேலை இருக்கிறவரைக்கும் லயத்தில் இருக்கலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும். பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த ஒரு அறையில். ஒரு நாள் அது நம்முடையது இல்லை என்று ஆகிவிடும். எங்கள் ஆட்கள் வயதைச் சொல்லவே கொஞ்சம் தயங்குவது இதனால்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

என் மாமனார் ஓய்வு பெற்றபோது ரோட்டுக்குக் கீழே சிறிதாக ஒரு இடம் வாங்கினார். சேவியர் ஜீப் ஓட்டிச் சேர்த்ததில் அங்கே ஒரு வீடு எழும்பியது. கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் அதிகமாகிக்கொண்டிருந்த காலம். "நம்ம வீட்டுலயே ரெண்டு ரூம்பு போட்டா என்ன, ஸ்டெல்லா?" என்றார். போட்டோம்.

அதற்கு முன்பும் வெளியூர்க்காரர்கள் வரத்தான் செய்தார்கள். கார் நிற்கும். செடிகளுக்குள் இறங்கி எங்களைப் படம் எடுப்பார்கள். கூடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, இந்தப் பக்கம் பார், சிரி என்பார்கள். பேர் கேட்டதில்லை. கார் போய்விடும். எங்கள் முகங்கள் எந்தெந்த ஊர் அலமாரியில் இருக்கின்றனவோ.

கட்டிலில் படுத்துப் பார்த்தவர்

எங்கள் வீட்டை அரசாங்கம் அங்கீகரித்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். விண்ணப்பித்தோம். சோதனைக்கு ஆள் வருகிறார் என்றதும் கோட்டு போட்ட ஒரு ஐயா வருவார் என்று நினைத்து வாசல் கழுவி வைத்திருந்தேன். ஜீப்பிலிருந்து பருத்திச் சேலையும் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி ஷூவுமாக ஒரு பெண் இறங்கினார். அதுதான் கோமதி மேடம்.

நேராக அறைக்குள் போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். மலையேறி வந்ததில் மயக்கமோ என்று தண்ணீர் எடுக்க ஓடினேன்.

"ஒண்ணுமில்லை" என்றார் படுத்தபடியே. "இங்க படுத்தா பல்பு நேரா கண்ணுல அடிக்கறது. வர்றவா படுத்துண்டுதானே இருப்பா? நின்னுண்டு பாத்தா இது தெரியாது."

பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு அது சூடாகும்வரை பொறுமையாக நின்றார். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார். வாசல்படியில் ஏறி இறங்கி, இங்கே ஒரு விளக்கு வேண்டும், வயசானவர்கள் தடுக்குவார்கள் என்றார். என் ஏலக்காய் டீயைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். அங்கீகாரம் மட்டும் தரவில்லை.

"இதெல்லாம் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்கோ. நான் மறுபடி வரேன்."

சேவியர் அன்றைக்குப் பூராவும் முணுமுணுத்துக்கொண்டே பல்பை மாற்றினார். சில மாதம் கழித்து மேடம் திரும்ப வந்து மறுபடியும் அதே கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். எங்கள் வீட்டின் பெயர் அரசாங்கத்தின் பட்டியலில் ஏறியது. அதற்கப்புறம்தான் கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கும் சூரியநெல்லியில் ஸ்டெல்லா என்று ஒருத்தி இருப்பது தெரிந்தது.

அவரே என்னைக் கொச்சியில் நடந்த ஒரு பயிற்சிக்கும் அனுப்பிவைத்தார். முதலுதவி, விருந்தினரோடு பேசுவது, ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அவரவர் ஊரைப் பற்றி எழுந்து பேச வேண்டும் என்றார்கள். என் முறை வந்தபோது, "எங்க ஊர்ல ஒண்ணுமில்ல, தேயிலைதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்வரிசையில் இருந்த மேடம் கேட்டார். "உங்க வீட்டு ஜன்னலைத் தொறந்தா என்ன தெரியும்?"

"மஞ்சுதான் தெரியும், மேடம்." பனிமூட்டத்தை நாங்கள் மலையாளத்தில் சொல்வதுபோல மஞ்சு என்றுதான் சொல்வோம்.

"அது விலகினா?"

அது விலகினால் முதலில் சில்வர் ஓக் மரங்களின் தலை மட்டும் தெரியும், அப்புறம் லயத்துக் கூரைகள், அப்புறம் சரிவில் யாராவது ஒரு பெண்ணின் சிவப்புத் தலைமுண்டு, கடைசியாகத்தான் அணைக்கட்டுத் தண்ணீர் என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தினமும் பார்த்ததுதான். ஒருவரும் கேட்காததால் நானும் சொல்லிப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வரத் தொடங்கியதும் அது எங்களோடு நிற்கவில்லை. படுக்கை விரிப்புகளைத் துவைக்க என் நாத்தனார் ஜெயா வந்தாள். முட்டையும் பாலும் பக்கத்து லயத்திலிருந்து வந்தன. சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த சேவியரின் சிநேகிதர், பொட்டலம் கட்டிக் கொடுத்து விற்றார். ஒரு விருந்தாளி வந்து போனால் எத்தனை வீட்டு அடுப்புக்கு அது போய்ச் சேர்கிறது என்று ஜெயாதான் அடிக்கடி சொல்வாள்.

ஆகவே அந்தக் கூட்டத்தில் மேடம் சொன்ன ஒரு வாக்கியம் எத்தனை அடுப்பைத் தொட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பால்ராஜ் கேட்ட கேள்வி

"ரோட்டுல ஒண்ணுமில்ல மேடம். நான் தெனமும் போறேன், வாரேன். என் பிள்ளையளக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் பால்ராஜ்.

"உங்களுக்கு அந்த வளைவு தெரியும். மழை தூறினா எங்க நிறுத்தணும்னு தெரியும். வர்றவாளுக்கு என்ன தெரியும்?"

"அப்ப உங்க வீட்டு ஆளுகள இந்த ரோட்டுல கூட்டிட்டு வர மாட்டீகளா?"

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு வர மாட்டேன்" என்றார். "கூட்டிண்டு வர்ற அன்னிக்கு உங்களுக்கே தெரியும்."

பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஜெயா போகவில்லை. அவள் எழுந்து நின்று, சத்தம் கூட்டாமல் கேட்டாள். "நீங்க மாசச் சம்பளத்துல இருக்கீக, மேடம். துணி தொவைக்கிற நான் என்ன செய்ய?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார் என்றுகூடச் சொல்லலாம். சமாதானமாக ஏதாவது சொல்லியிருந்தால் நானும் எழுந்து போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பிறகு சேவியரைப் பார்த்துக் கேட்டார். "போடிமெட்டு வழி எப்படி இருக்கு?"

எங்கள் ஊருக்கு இரண்டு வழி. கொச்சியிலிருந்து வருகிறவர்கள் பள்ளிவாசல் ஏறி, மூணாறு தாண்டி வருவார்கள். தேனி, மதுரைக்காரர்கள் போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியாக வருவார்கள். வெளிநாட்டு விருந்தினர் எல்லாம் மூணாறு வழிதான் என்பதால் நாங்கள் அந்த வழியையே நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"அந்தப் பக்கம் ஒரு கல்லுகூட விழல, மேடம்" என்றார் சேவியர்.

"அப்போ கொச்சியிலேர்ந்து வர வேண்டாம். மதுரையிலேர்ந்து வரட்டும். இல்லாததைச் சொல்ல மாட்டேன்னேனே தவிர, இருக்கறதைச் சொல்ல எனக்கு என்ன தடை?"

பாறையில் கசிந்த தண்ணீர்

மறுநாள் காலை சேவியரின் ஜீப்பிலேயே போடிமெட்டுவரை போய், இறங்கி, ஏறி எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். மத்தியானம் மூணாறு ரோட்டுக்கும் போனார்கள். உடன் ஒரு ரோடு என்ஜினியரும் வந்திருந்தார்.

அன்று மாலை சேவியர் வீட்டுக்கு வந்து பால் சேர்க்காத கட்டன்சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் இயல்பாகவே குறைவாகப் பேசுகிறவர். ஆனால் அன்றைக்கு அதிலும் குறைவாக இருந்தார்.

"என்னங்க, என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"அந்த வளைவுல எறங்கி நின்னாக. பாறையில கைய வச்சுப் பாத்தாக. தண்ணி கசியுது. 'மழை விட்டு எத்தன நாளாச்சு, இது எங்கேர்ந்து வரது?'ன்னு என்ஜினியர்ட்ட கேட்டாக. அவரு மேல பாத்தாரு. நானும் பாத்தேன்."

"அப்புறம்?"

"தெனம் அந்த எடத்தத் தாண்டுதேன் ஸ்டெல்லா. நான் ரோட்டத்தான் பாத்திருக்கேன். பாறையப் பாத்ததில்ல."

தாங்குசுவர் கட்டி முடிக்கும்வரை பெரிய வண்டிகள் வர வேண்டாம் என்பதுதான் என்ஜினியரின் கருத்தாகவும் இருந்தது. மேடம் அதைத்தான் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சொன்னார். ஒரு தடவை அல்ல, அவர்கள் கேட்ட ஒவ்வொரு தடவையும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டை முன்பதிவு செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ரத்து செய்தார்கள். அந்த வாரங்களில் போன் அடித்தாலே சேவியரை எடுக்கச் சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

"அதுக்கு முந்தி எந்த ஊரு?"

ஆனால் அந்த அரையாண்டு விடுமுறையில் மதுரையிலிருந்து ஒரு வேன் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். கோமதி மேடம் மதுரைப் பக்கத்துப் பயணக் கம்பெனிகளுக்கெல்லாம் போன் செய்து, போடிமெட்டு வழி நன்றாக இருக்கிறது, நான் நேரில் பார்த்தேன், போங்கள் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி வந்தவர்கள்.

அதுவரை என் வீட்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வேற்றுமொழிக்காரர்கள். பயிற்சியில் கற்ற ஆங்கிலத்தை வைத்துச் சமாளிப்பேன். இவர்கள் வந்து இறங்கியதும், "அக்கா, குளிருது, முதல்ல காப்பி கொடுங்க" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. விருந்தாளியோடு சொந்தத் தமிழில் பேசுவது அத்தனை சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

சாப்பிடும்போது ஒரு ஆசிரியை கேட்டார். "நீங்க எந்த ஊருக்கா?"

"சூரியநெல்லிதான்."

"அதுக்கு முந்தி எந்த ஊரு?"

இந்தக் கேள்வி எங்களுக்குப் பழகியது. இங்கே ஆபீசுகளில் எங்களைத் தமிழர்கள் என்பார்கள். மலைக்குக் கீழே போனால் கேரளாக்காரர்கள் என்பார்கள். வழக்கமாக நான் ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்வேன். அன்று என்னவோ எங்கள் பாட்டன் பூட்டன் ஏறிவந்த கதையைச் சொன்னேன். அவர்கள் இலையில் கை காயக் காயக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கொளுந்து எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனபோது, அவர்களில் யாரும் கூடையைத் தூக்கிப் பிடி என்று சொல்லவில்லை. வேலை செய்துகொண்டிருந்த பெண்களிடம் பேர் கேட்டார்கள். பெண்களும் இவர்களிடம் எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். கங்காணி வந்து சத்தம் போடுகிறவரைக்கும் அங்கே பேச்சுதான்.

அவர்கள் போய்ச் சொல்லி அடுத்த வேன் வந்தது. பிறகு தேனியிலிருந்து, திண்டுக்கல்லிலிருந்து. வெளிநாட்டவர் தருகிற அளவு வருமானம் இல்லை. ஆனால் ஜெயாவின் கொடியில் விரிப்புகள் மறுபடியும் காய்ந்தன. ஒரு நாள் துணி உதறிக்கொண்டே அவளாகச் சொன்னாள். "அன்னைக்கு மேடத்த ஒரு வார்த்த கேட்டுட்டேன். அவுக மனசுல வச்சுக்கல போல." மேடம் மதுரைக்குப் போன் செய்ததே அவள் கேட்ட கேள்வியால்தான் என்று நான் நம்புகிறேன். அவளிடமும் சொன்னேன்.

விழாத மலை

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்தச் சரிவு கடைசிவரை விழவில்லை.

மேடம் பயந்த வளைவில் அந்த வாரங்களில் ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை. தாங்குசுவர் வேலை முடிந்தது, ரோடு அகலமானது, அவ்வளவுதான். பால்ராஜ் தன் இரண்டு ஜீப்புகளில் ஒன்றை அந்தப் பருவத்தில் விற்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "மைனி, உங்க மேடம் ஒரு சீசனையே சாப்பிட்டுட்டாக" என்பார். அண்ணன் மனைவியை நாங்கள் மைனி என்போம். அந்த முறையோடுதான் சொல்வார். அதில் பாதி கேலி, பாதி நிஜம். அந்தப் பாதி நிஜத்தை நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர் நஷ்டம் அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் நான் வேறு ஒன்றை நினைத்துப் பார்ப்பேன். விழாமல் போனதால் நாங்கள் இத்தனை லேசாகப் பேசுகிறோம். ஒரு வேன் போகிற நேரத்தில் விழுந்திருந்தால்? எங்கள் ஊர்ப் பெயரை உலகம் எதற்காக நினைவில் வைத்திருக்கும்?

மூணாறு வழியாக ஒரு கார்

தை பிறந்து சில நாட்கள் ஆகியிருக்கும். காலையில் மேடத்திடமிருந்து போன். "ஸ்டெல்லா, இன்னிக்கு ரெண்டு ரூமும் காலியா? எங்காத்து மனுஷா வரா."

சொன்னதோடு இன்னொன்றும் சொன்னார். "அப்பா ஏதாவது கேப்பார். மனசுல வச்சுக்கப்படாது, என்ன?"

மத்தியானம் ஜங்ஷனில் நானும் சேவியரும் போய் நின்றோம். சேதி எப்படியோ பரவி, ஜீப்புக்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். மூணாறுப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கார் வளைந்து வந்தது. முன்னால் மேடம். பின்னால் குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டருமாக அவருடைய அப்பா, பக்கத்தில் அம்மா. மடியில் சாப்பாட்டுக் கேரியர்.

ஒருவரும் கை தட்டவில்லை. பால்ராஜ் மட்டும் கார் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்து, "சாயா குடிச்சிட்டுப் போலாம் மேடம்" என்றார். மேடம் இறங்கிப்போய் அவரோடு நின்று குடித்தார். கூட்டத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அன்றுதான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மேடத்தின் அப்பா சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அடுப்பு, பாத்திரங்கள், சுவரில் மாதா படம். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. மேடத்தின் முகம் சிறுத்துப்போனது. மத்தியானம் அவர்கள் கேரியரில் கொண்டுவந்த புளியஞ்சாதத்தையே சாப்பிட்டார்கள். நானும் ஒன்றும் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் மஞ்சு இறங்கியது. எங்களுக்காக மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் காந்தாரி மிளகாயை இடித்து வைத்திருந்தேன். வாசனை முன்னறைக்குப் போயிருக்க வேண்டும்.

"அது என்னது?" என்று கேட்டார் பெரியவர்.

"கெழங்கு சார். வெறும் உப்புதான் போட்ருக்கு."

"எனக்கும் வைக்கலாமோ?"

தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார். "பேஷா இருக்கு. காரந்தான் பிராணனை வாங்கறது" என்றார். அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுதிக்காட்ட முடியாது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சிரித்தாரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

மறுநாள் காலை கொச்சிக்குத் திரும்புவதற்கு முன்பே எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபடி போன் செய்து, "ஆமாம், இப்போ அனுப்பலாம். நான் குடும்பத்தோட வந்து தங்கியிருக்கேன்" என்று அவர் யாரிடமோ ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டேன்.

மார்த்தா சொன்னது

அந்த மாசக் கடைசியிலேயே முதல் வெளிநாட்டுக் குழு வந்துவிட்டது. கூட்டி வந்தவர் மார்த்தா என்ற அம்மாள். தன் நாட்டிலேயே சின்னதாக ஒரு பயணக் கம்பெனி நடத்துகிறவர். வந்தவர்கள் எல்லோரும் வயசானவர்கள், ஒருவர் ஊன்றுகோலோடு.

எனக்கு ஆச்சரியம். பெருமழைச் செய்திகளைப் பார்த்த பிறகு இத்தனை சீக்கிரம், அதுவும் இவர்களை நம்பி எப்படிக் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டேன்.

மார்த்தா சொன்னதை என் தமிழில் தருகிறேன். "மழை நின்ற வாரமே பல பேர் எனக்கு எழுதினார்கள், எல்லாம் சரியாகிவிட்டது, வாருங்கள் என்று. உங்கள் கொச்சி அலுவலகத்துப் பெண் மட்டும் வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் வேண்டாம் என்றார். அவர் வா என்று சொன்ன பிறகு நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை."

அடுத்தடுத்த வருஷங்களில் மார்த்தா தவறாமல் வந்தார். அவரைப் பார்த்து இன்னும் சில கம்பெனிகள் வந்தன. வராந்தாவைத் தடுத்து இன்னொரு அறை போட்டோம். பால்ராஜ் மறுபடியும் ஒரு ஜீப் வாங்கினார். ஜெயாவின் மகள் கொச்சியில் நான் படித்த அதே பயிற்சியை முடித்துவிட்டு இப்போது விருந்தினரைக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறாள்.

சுற்றுலாத் துறை என்றால் விளம்பரப் படம் ஒட்டுகிற இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அழகான பெரிய படங்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஒரு ஊரைப் பற்றி யாரோ ஒருவர் உண்மை சொல்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் படத்தைப் பார்த்தவர்கள் பெட்டி கட்டுவார்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு அலுவலகம் இருந்தது. அதற்கு நான் தினமும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

விருந்தாளியாக ஒரு நாள்

கோமதி மேடம் வடகிழக்கு மாநிலம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போய்ச் சில வருஷம் ஆகிறது. போனில் பேசுவோம்.

போன வருஷம் சேவியர் திடீரென்று சொன்னார். "எத்தன பேரக் கொண்டுபோய்ச் சுத்திக் காட்டிருக்கேன். நாம ஒரு எடத்துக்கும் போனதில்லையே ஸ்டெல்லா."

உண்மைதான். கல்யாணம், சாவு, வேளாங்கண்ணி தவிர ஊரை விட்டு நாங்கள் சேர்ந்து கிளம்பியதில்லை. சும்மா பார்ப்பதற்கென்று ஒரு ஊருக்குப் போனதே இல்லை. கல்பாத்தித் தேரைப் பற்றி மேடம் நிறையச் சொல்லியிருந்தார். போன் செய்தேன். தேருக்காக அவரும் விடுமுறையில் அங்கேதான் இருந்தார்.

"மேடம், அங்க மழை இருக்கா? நாளைக்கு வரலாமா?"

"நாளைக்கு வேண்டாம். தெருவுல கால் வைக்க எடமில்லை. உங்களை நான் பாக்கக்கூட முடியாது. எல்லாம் முடிஞ்சு, நாளன்னிக்கு வாங்கோ."

சேவியரிடம் சொன்னபோது கொஞ்சம் முகம் வாடியது. தேர் ஓடுவதைப் பார்க்கத்தானே கிளம்பினோம். இருந்தாலும் அவர் சொன்ன நாளில்தான் போனோம்.

தெருவில் வாடிய மாவிலைத் தோரணங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்கள் நிலையில் நின்றன. மேடம் எங்களை வீட்டுக்கு வீடு கூட்டிப்போய், "இவா சூரியநெல்லியிலேர்ந்து வந்திருக்கா" என்று சொன்னார். தேர்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். சேவியர் அச்சாணியைக் குனிந்து பார்த்து, ஒரு பெரியவரிடம் இது வளைவில் எப்படித் திரும்பும் என்று விசாரித்தார். ஓட்டுநர் புத்தி. அந்தப் பெரியவரும் உற்சாகமாகி, பின்னால் யானை வந்து முட்டித் தள்ளுவதுவரை அபிநயத்தோடு சொல்லிக்காட்டினார்.

வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரைப் படியில் போய் உட்கார்ந்தோம். தண்ணீர் பாறைகளுக்கு நடுவே கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு எங்க ஊர்?" என்று மேடம் கேட்டார்.

சேவியர்தான் பதில் சொன்னார்.

"நேத்து வர வேண்டாம்னு சொன்னீகளே, அது நல்லதாப் போச்சு, மேடம். நேத்து வந்திருந்தா தேரப் பாத்துட்டுத் திரும்பியிருப்போம். இன்னைக்கு உங்க ஊர் ஆளுகளப் பாத்துட்டோம்."

மேடம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இருட்டுகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.